பாலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள்: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடல் காற்றில் வளர்ந்தவன் நான். பால் சோதனைக்கூடம் ஒன்றில் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் செல்போனை நீட்டி, "தம்பி, பால்ல மருந்துக்குச் சாகாத கிருமி இருக்காமே, நெசமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விக்கு ஒரு வரி போதும். சிலதுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பாலில் இருப்பது மருந்தா, கிருமியா?

இரண்டும் இருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் மற்றது எதுவும் பிடிபடாது.

மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாலோ, காம்பு வழியாக மருந்து ஏற்றினாலோ, அதில் ஒரு பங்கு பாலில் இறங்கும். அது மருந்து மிச்சம். கிருமி என்பது பாலில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா. மடிக்குள்ளிருந்து வரும், காம்பின் தோலிலிருந்து வரும், சாணம், கறக்கிற கை, கேன் கழுவின தண்ணீர் என்று எங்கிருந்தும் வரும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை, என்டரோகாக்கஸ் என்று பல பெயர்கள். இவற்றில் சில, பெனிசிலினோ டெட்ராசைக்ளினோ கொடுத்தாலும் சாகாத வகையாக மாறியிருக்கும். செல்போனில் பரவும் செய்தி இந்த வகையைப் பற்றியது.

மருந்து மிச்சம் பாலில் இருந்தால், அடங்காத கிருமிகள் பெருக அது வழிவிடும். அந்த ஒரு கண்ணிதான் இரண்டையும் இணைக்கிறது.

கிருமிக்கு எப்படி இந்தச் சாமர்த்தியம் வந்தது?

வலை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வலைக்கண்ணுக்குள் நுழைந்து தப்பிக்கும் மீன் ஏதோ கற்றுக்கொண்டு தப்பிக்கவில்லை, அதன் உடம்பு அப்படி. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டு பிறவியிலேயே கொஞ்சம் மாறுபட்டிருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிட்டால் மடி முழுக்க அந்த ஒன்றிரண்டுக்குத்தான். ஈ.கோலை மாதிரி ஒன்று நல்ல சூட்டில் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். காலையில் ஒன்றாக இருந்தது சாயங்காலத்துக்குள் ஒரு படையாகிவிடும்.

இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு. மருந்தை முறிக்கும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கும். பாக்டீரியா அதைத் தன் வாரிசுக்குக் கொடுப்பதோடு நிற்காது, பக்கத்தில் கிடக்கும் வேறு இனத்துக்கும் நகல் எடுத்துக் கொடுக்கும். ரெசிப்பியைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி.

இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. 1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்துவிட்டார். பெனிசிலினுக்கு அடங்காத கிருமிக்கென்று 1959-இல் மெத்திசிலின் வந்தது. 1961-இலேயே அதற்கும் அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது.

நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் போய்விடும்தானே?

கிருமி போய்விடும். மருந்துக்கு அடங்காத கிருமி என்பதால் அது நெருப்புக்கும் அடங்காது என்று அர்த்தமில்லை. பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே நோய் தரும் பாக்டீரியாக்கள் செத்துவிடும், பால்பண்ணையில் பாஸ்சுரைஸ் செய்வது இதுதான். நம் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வந்தால் அதைவிடவும் அதிகச் சூடு. ஆகவே காய்ச்சிய பால் விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் காய்ச்சினாலும் போகாதவை மூன்று. முதலாவது மருந்து மிச்சம். பெனிசிலின் வகைகள் பாஸ்சுரைஸ் செய்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும், அடுப்பில் காய்ச்சினாலும் நம்பும் அளவுக்குக் குறையாது. பெனிசிலின் ஒவ்வாத உடம்புக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பேசில்லஸ் சீரியஸ் போன்றவற்றின் விதைமூட்டை. ஸ்போர் என்பார்கள். கொதித்தாலும் தாக்குப்பிடிக்கும். இந்தக் கிருமிக்குப் பிறவியிலேயே பெனிசிலினை முறிக்கும் சக்தி உண்டு. காய்ச்சிய பாலை நம் ஊர் சித்திரை வெயிலில் மதியம் வரை மேடையில் வைத்தால் அது முளைத்துக் கிளம்பும்.

மூன்றாவது, ஸ்டஃபைலோகாக்கஸ் கக்கி வைத்த நச்சு. கிருமி செத்தபிறகும் நச்சு சாகாது. ஜப்பானில் 2000-இல் ஒசாகாப் பக்கம் 13,000 பேருக்கு மேல் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். பால்பவுடர் தொழிற்சாலை ஒன்றில் சில மணி நேரம் கரண்ட் போயிருந்தது, பால் சூடாகவே கிடந்தது, அதற்குள் கிருமி பெருகி நச்சை விட்டுவிட்டது. அப்புறம் எவ்வளவு சூடாக்கியும் பலனில்லை. கரண்ட் போவது நமக்குப் புதிதா என்ன? கறந்த பாலை உடனே காய்ச்சுவது, இல்லையென்றால் உடனே குளிரவைப்பது. இதில் நடுவழி கிடையாது.

பாக்கெட் பால்?

பாஸ்சுரைஸ் ஆனது. கடைக்காரர் வெயிலில் டப்பில் போட்டு வைத்திருந்தால் மட்டும் வேறு கடை பாருங்கள்.

தயிரில் உயிரோடு பாக்டீரியா இருக்கிறதே, அது அடங்காத வகையாக இருந்தால்?

நான் கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். கீழக்கரையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் கேட்டது.

தயிரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை உயிரோடு சாப்பிடுகிறோம். அவற்றில் சிலதுக்கு மருந்து எதிர்ப்பு உண்டு என்பதும் உண்மை. ஆனால் எதிர்ப்பில் இரண்டு ஜாதி. தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பலவற்றை வான்கோமைசின் என்ற மருந்து ஒன்றும் செய்யாது. வான்கோமைசின் பாக்டீரியாவின் சுவரில் ஒரு குறிப்பிட்ட முனையைப் பிடித்துத்தான் வேலை செய்யும். இவற்றின் சுவரில் அந்த முனையே வேறு மாதிரி. கொக்கி மாட்ட வளையம் இல்லை. இது பிறவிக்குணம், வேறு கிருமிக்குத் தாவாது. "தயிரில் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமி" என்று தலைப்பைப் பார்த்துப் பதறுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

இன்னொரு ஜாதி, வெளியிலிருந்து வாங்கிக்கொண்ட எதிர்ப்பு. டெட்ராசைக்ளினையும் எரித்ரோமைசினையும் முறிக்கும் மரபணுக்களைத் தயிர், சீஸ் பாக்டீரியாக்கள் சிலவற்றில் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இவை நகரக்கூடியவை. குடலுக்குள் போய் அங்கிருக்கும் வேறு பாக்டீரியாவுக்குக் கைமாற வாய்ப்புண்டு. அதனால்தான் ஐரோப்பாவில் உணவில் சேர்க்கும் பாக்டீரியாவுக்கு இப்படி வாங்கிய எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுமதிக்கிறார்கள்.

அப்படியென்றால் வீட்டுத் தயிரை விட்டுவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். காய்ச்சி ஆறவைத்த பாலில், சுத்தமான கரண்டியால் உறை ஊற்றிய தயிரை நான் தினமும் சாப்பிடுகிறேன். புளிப்பு ஏற ஏற நோய்க்கிருமிகள் பலதும் அதில் பெருக முடியாது. கவனிக்க வேண்டியது உறைமோரை. பச்சைப்பாலில் உறைந்த தயிரிலிருந்து உறை வாங்கினால், காய்ச்சின பலன் பாதி போச்சு.

தயிர் உறையவே மாட்டேன் என்கிறது. பாலில் ஏதாவது கலந்திருக்குமோ?

என் சின்னம்மாவின் மாடு பால் வற்றியிருந்த சமயம் வெளியில் பால் வாங்கினார். மூன்று நாள் தொடர்ந்து தயிர் உறையவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கிறது. லேசாக ஒரு வழுவழுப்பு, அடியில் நாலு திரி, அவ்வளவுதான். முதல் நாள் வாடைக்காற்றைத் திட்டினார். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் உறைமோர் மாற்றி வாங்கினார். மூன்றாம் நாள் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தார். நான் போய், கொடுத்தவரிடம் மாட்டுக்கு உடம்பு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். இரண்டு நாளுக்கு முன் மடிவீக்கத்துக்கு மருந்து ஏற்றியிருக்கிறார். பாலை நிறுத்தவில்லை.

தயிர் பாக்டீரியாக்களில் சில, பெனிசிலின் வகைக்கு ரொம்பவே தோற்றுப்போகும். பாலில் மருந்து இருந்தால் முதலில் சாவது அவைதான். ஒருவகையில் நம் உறைசட்டியே ஒரு சோதனைக்கூடம். பெரிய பண்ணைகளில் செய்யும் ஒரு சோதனையும் இதே கணக்குதான்: மருந்தைத் தாங்காத ஒரு பாக்டீரியாவைப் பாலோடு சேர்த்துச் சூட்டில் வைப்பார்கள். அது வளர்ந்தால் ஊதா நிறம் மஞ்சளாக மாறும், மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும்.

உறையாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். பால் ரொம்பச் சூடாக இருந்தபோதே உறை ஊற்றியிருக்கலாம், உறைமோர் பழசாக இருக்கலாம், பால் கெடாமலிருக்க சோடா மாவு போட்டிருக்கலாம். அதே மாதிரி உறைந்துவிட்டது என்பதாலேயே மருந்து இல்லை என்றும் ஆகாது. உலகளவில் பெனிசிலினுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் கிலோ பாலில் 4 மில்லிகிராம். அந்தச் சின்ன அளவெல்லாம் சட்டிக்குத் தெரியாது.

சோதனைக்கூடத்தில் "அடங்காத கிருமி" என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வட்டமான தட்டில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஜெல்லி மாதிரி ஒன்று இருக்கும். பாலிலிருந்து பிரித்த பாக்டீரியாவை அதன்மேல் பஞ்சுக்குச்சியால் முழுசும் தடவுவார்கள். பிறகு 6 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பொட்டுகளை இடுக்கியால் எடுத்து இடம்விட்டு வைப்பார்கள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டில் வைத்து காலையில் பார்த்தால் தட்டு முழுக்க மேகம் மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த பொட்டைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு வட்டம். வட்டத்தின் அகலத்தை அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள். பொட்டின் விளிம்புவரை மேகம் வந்து முட்டி நின்றால், அந்த மருந்து அந்தக் கிருமியிடம் செல்லாது. முதல் தடவை அப்படி ஒரு தட்டைப் பார்த்தபோது, ஆறு பொட்டில் நாலு பொட்டுக்கு வட்டமே இல்லை. தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜெல்லிதான் அகார், கடல்பாசியிலிருந்து எடுப்பது. நம் மன்னார் வளைகுடாப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் எடுக்கத்தான் போகின்றன. 1880-களின் தொடக்கத்தில் இதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. சமையலறையில் அதைப் புழங்கிய பழக்கம் அவருக்கு. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடும் கடல்பாசியும் இதே சரக்குதான்.

ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால் இளைப்புக்கு நல்லது என்கிறார்களே?

வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சீமைக்கருவேலங்காயைத் தின்று வளரும் நம் ஊர் ஆட்டின் பால் நல்ல பால்தான், காய்ச்சிக் குடியுங்கள். பச்சையாகக் குடித்தால் அடங்காத கிருமி ஒருபக்கம் இருக்கட்டும், புருசெல்லா என்ற கிருமி வந்தால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலடிக்கும். அதற்கு ஆறு வாரம் இரண்டு மருந்து சாப்பிட வேண்டிவரும்.

குச்சி ஐஸ், ரோஸ்மில்க், நெய்?

குளிரில் கிருமி தூங்கும், சாகாது. பாலைக் காய்ச்சிச் செய்தார்களா, கலந்த தண்ணீரும் ஐஸும் குடிக்கத்தக்கதா என்பதுதான் கேள்வி. துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாரும் கேட்பதில்லை, அது டம்ளருக்குள் வரக்கூடாது. நெய்யில் ஈரம் மிகக் கொஞ்சம்தான், கிருமி பெருகாது. நெய்ச்சோற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்தியாவில் இது எவ்வளவு தூரம் இருக்கிறது?

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் இருந்தது 77-இல். நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம். பயந்து சாக வேண்டிய எண் இல்லை. ஆனால் அது மருந்து மிச்சத்தின் கணக்கு, அடங்காத கிருமியின் கணக்கு இல்லை.

உலகம் முழுக்க 2019-இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் பாலை முதல் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையும் நம் வீட்டு மாத்திரை டப்பாவும் முன்வரிசையில் நிற்கின்றன. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திய மாத்திரையை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறோமே, அந்த டப்பாவைச் சொல்கிறேன். 2016 முதல் ஆன்டிபயாட்டிக் அட்டையில் சிவப்புக் கோட்டைக் கவனிக்கச் சொல்லி அரசு விளம்பரம் செய்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். மனிதனுக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினைக் கறிக்கும் பாலுக்கும் வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019-இல் தடை போட்டார்கள்.

மடிவீக்கம் வராமலே தடுக்க முடியாதா?

பெரும்பாலும் முடியும், காசும் அதிகமாகாது. கறக்கும் முன் கையையும் காம்பையும் கழுவித் துடையுங்கள். ஊருணித் தண்ணீரில் மாடும் குளிக்கிறது, துணியும் துவைக்கிறோம், அதே தண்ணீரில் கேனைக் கழுவி அப்படியே பால் ஊற்றாதீர்கள். முதல் நாலு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி கட்டியிருந்தால் நோய் ஆரம்பம். கறந்து முடித்தபிறகு காம்பின் துளை மூட அரைமணி நேரம் ஆகும். அதற்குள் மாடு படுத்தால் மண்ணும் சாணமும் உள்ளே போகும். வைக்கோலைப் போட்டால் நின்று தின்னும்.

ஆரம்பத்திலேயே கண்டால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியில் ஒரு நாளைக்குப் பத்து தடவை பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியமே பரப்புகிறது. காய்ச்சல் வந்து, மாடு தீனி எடுக்காமல் மடி கல்லாகிப்போனால் கற்றாழையை நம்பி உட்காராதீர்கள். 1962-க்குப் போன் போட்டால் நடமாடும் கால்நடை வண்டியைக் கேட்கலாம். பழைய ஊசி மருந்து வீட்டில் இருக்கிறது என்று நீங்களே போடுவதுதான் மகா தப்பு.

ஊசி போட்டால் எத்தனை நாள் பாலை நிறுத்த வேண்டும்?

மருந்துக் குப்பியிலேயே போட்டிருக்கும். 2012-இல் வந்த விதிப்படி, தனியாக நாள் குறிக்காத மருந்து என்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள். கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து இல்லை. அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள். கன்றின் குடலில் அடங்காத கிருமி வளர அதுவே வழி. குழி தோண்டி ஊற்றி மூடிவிடுங்கள், ஊருணிப் பக்கம் வேண்டாம்.

சொல்வது சுலபம். 8 லிட்டர் கறக்கும் மாடு, 7 நாள், 56 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 1,960 ரூபாயை மண்ணில் ஊற்றச் சொல்கிறோம். ஒரு மாட்டை வைத்து வீட்டை ஓட்டுகிற பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு நா கூசியிருக்கிறது. இந்த நஷ்டத்தை யாராவது ஈடுகட்டாத வரை, சுவரொட்டி எத்தனை ஒட்டினாலும் பால் கேனுக்குத்தான் போகும் என்பது என் எண்ணம்.

அந்த ஏழு நாளை உண்மையில் யாராவது எண்ணுகிறார்களா?

சின்னம்மா எண்ணுகிறார். தயிர் உறையாத அந்த மூன்று நாளுக்குப் பிறகு வந்த பழக்கம். கடைசி ஊசி போட்ட மறுநாளிலிருந்து, சாயங்காலம் கறந்து கொட்டியதும், அடுப்புக்கரியால் தொழுவத்துப் பனந்தூணில் ஒரு கோடு போடுவார். போன மாதம் நான் போனபோது தூணில் ஐந்து கோடு இருந்தது. மாடு நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, மடியும் சாதாரணமாகத்தான் தெரிந்தது. எனக்குக் கருப்பட்டிக் கடுங்காப்பிதான் கிடைத்தது.